போனில் 68 என்று இருந்தால் புறாமலைக் கடலில் இறக்கலாமா?

வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை வரும் ஜூலை, ஆகஸ்டில்தான் திருகோணமலைக் கடலும் அமைதியாக இருக்கும். லண்டன், டொரொன்டோ என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். அந்த நாட்களில் நிலாவெளியில் வள்ளத்துக்குக் காத்து நிற்கும் குடும்பங்களிடம் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: "என்ட போன் வாட்டர்புரூஃப் மாமி, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்டும் ஆகாது."

அந்த நம்பிக்கையில், நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் போவார்கள். பவளப்பாறைக்கு மேல் மிதந்துகொண்டே மீன்களை வீடியோ எடுப்பார்கள். பின்னேரம் அறைக்கு வந்ததும் போனைச் சார்ஜில் போடுவார்கள். சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருடைய போன் அடுத்த நாள் காலையில் உயிர்பெறுவதே இல்லை. இரண்டும் ஒரே மாடலாகக்கூட இருக்கும், பெட்டியில் ஐபி68 என்று ஒரே எண்தான் போட்டிருக்கும்.

போன் விற்பவரும் யூடியூப்பில் விமர்சனம் செய்யும் தம்பிமாரும் "வாட்டர்புரூஃப்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அப்படி எந்தத் தண்ணீரையும் எந்த நிலையிலும் தாங்கும் போன் கடைகளில் இல்லை. போன் ஒரு பரீட்சை எழுதியிருக்கிறது, அதன் பெறுபேறுதான் அந்த எண். எந்தப் பரீட்சை, என்ன கேள்வி, எப்போது எழுதியது என்று தெரியாமல் பெறுபேற்றை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான்.

சொதி கொண்டுபோகும் பெட்டி

மூடியில் ரப்பர் வளையம் வைத்த சாப்பாட்டுப் பெட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது. புதிதாக வாங்கியபோது அதில் சொதியை ஊற்றித் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு வராது. ஒரு வருடம் போனபின் வளையம் இறுகிப்போய், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு கொஞ்சம் நெளிந்தாலும் அதே கதைதான். கழுவும்போது வளையத்தைக் கழற்றிவிட்டுச் சரியாகப் பொருத்தாமல் விட்டால், பையிலிருக்கும் பாடக் கொப்பி முழுக்க மஞ்சள். பஸ் நெரிசலில் பையை யாராவது நெரித்தாலும் ஒழுகும்.

கடைக்காரர் "ஒழுகாது" என்று சொன்னது பொய்யில்லை. புதுப் பெட்டிக்கு, நெரிக்காத பையில், அது உண்மை. பிறகு வந்த நாட்களுக்கு அவர் பொறுப்பில்லை.

போனும் இந்தப் பெட்டிதான். ஒரே வித்தியாசம், இங்கே சொதி வெளியே இருக்கிறது, உள்ளே வர வழி தேடுகிறது.

அந்த இரண்டு இலக்கங்கள்

மின்சாதனங்களுக்கு உலகப் பொதுவான தரங்களை வகுக்கும் அமைப்பு ஒன்று ஜெனீவாவில் இருக்கிறது. பெயர் ஐஈசி. அது வெளியிட்ட 60529 என்ற தரத்தில், ஒரு கருவியின் கூட்டுக்குள் வெளிப்பொருள் எவ்வளவு புகும் என்பதைக் குறிக்கும் முறை இருக்கிறது. போன் பெட்டியில் ஐபி67, ஐபி68 என்று வருவது இந்த முறைதான். ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இரண்டு இலக்கங்கள். அவற்றை அறுபத்தெட்டு என்று சேர்த்து வாசிக்கக் கூடாது, ஆறு, எட்டு என்று தனித்தனியாக வாசிக்க வேண்டும்.

முதல் இலக்கம் தூசுக்கு. 0 முதல் 6 வரை போகும். 6 என்றால், பவுடர் போன்ற நுண்தூசு பறக்கும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தும் உள்ளே தூசு போகவில்லை என்று பொருள். நிலாவெளி மணலைப் பற்றிய கவலை இதனால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மணல் திரையைக் கீறுவதையும் ஸ்பீக்கர் ஓட்டையை அடைப்பதையும் மட்டும் இந்த எண் தடுக்காது.

இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 0 முதல் 9 வரை. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 5, 6 இரண்டும் பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கி இருந்து தேறியிருக்கிறது. சில கருவிகளில் ஒரு இலக்கத்துக்குப் பதிலாக எக்ஸ் வரும், உதாரணமாக ஐபிஎக்ஸ்7. தூசுச் சோதனையின் முடிவு சொல்லப்படவில்லை என்பதே அதன் பொருள். பூச்சியம் என்று நினைக்க வேண்டாம்.

8 தான் சுவாரசியமானது. 7 ஐ விடக் கடினமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர, எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தரம் நிர்ணயிப்பதில்லை. தயாரிப்பவரே சொல்லலாம். ஐபோன் 12 க்கும் அதற்குப் பிறகு வந்த வழமையான ஐபோன்களுக்கும் அப்பிள் சொல்வது 6 மீட்டர், 30 நிமிடம். சாம்சங் கெலக்சி எஸ்24 க்குச் சொல்லப்படுவது 1.5 மீட்டர், 30 நிமிடம். இரண்டும் ஐபி68 தான்! அக்காவின் போனும் தம்பியின் போனும் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு நான்கு மடங்கு வித்தியாசத்தில் இருக்கலாம். ஆகவே எண்ணைப் பார்த்தால் போதாது, பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஆழத்தையும் நேரத்தையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், சோதனை நடக்கும் விதம். தண்ணீர் நன்னீர், உப்புநீர் இல்லை. அது அசையாமல் நிற்கிறது. 7 ஆம் நிலைச் சோதனையில் கருவியின் வெப்பத்துக்கும் தண்ணீரின் வெப்பத்துக்கும் 5 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சோதனைக்குப் போகும் போன் புதிது. உங்கள் சட்டைப்பையில் இரண்டு வருடம் கிடந்த போன் அந்தப் பரீட்சைக்குப் போகவே இல்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: முதல் இலக்கம் தூசு, இரண்டாவது தண்ணீர். 8 இன் ஆழம் கம்பனிக்குக் கம்பனி மாறும். சோதனை புதுப் போனுக்கு, அசையாத நன்னீரில்.

எண் கூடினால் பலமும் கூடுமா?

6 வரை கூடும். 6 தேறியது 5, 4 எல்லாவற்றையும் தேறியதாகவே கொள்ளலாம். அதற்கு மேல் ஏணி முறிகிறது. 7 உம் 8 உம் மூழ்குவதற்கான வேறு பாடம். அவற்றில் தேறிய போன் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று தரம் சொல்லவில்லை. இரண்டையும் தேறியிருந்தால் இரண்டு எண்ணையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.

மூழ்கினாலே தாங்குவது பீய்ச்சினால் தாங்காதா என்று கேட்கலாம். அதற்கு அழுத்தம் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பரப்பின் மேல் தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதே அழுத்தம். ஆழம் கூடக் கூட மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் கூடும், அழுத்தமும் கூடும். 10 மீட்டர் இறங்கினால், நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்று தரும் அழுத்தத்துக்குச் சமமான இன்னொரு பங்கு சேரும்.

இப்போது உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் பாருங்கள். அது குழாயிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் நின்றால், குழாய் வாயில் இருக்கும் அழுத்தம் 5 மீட்டர் ஆழக் கடலில் இருப்பதைப் போன்றது. குழாயைத் திறந்து வாயை விரலால் பாதி மூடி, மண் போகட்டும் என்று போனின் மேல் பீய்ச்சினால், 1.5 மீட்டருக்குச் சோதித்த போனை அதைப்போல மூன்று மடங்கு வரை ஆழத்துக்கு அமுக்கியது மாதிரி ஆகலாம். வள்ளத்தின் விளிம்பிலிருந்து போனோடு குதிப்பதும், கரையில் உடையும் அலை போனில் மோதுவதும் இப்படித்தான். ஆழம் முழங்காலளவாக இருக்கும், அந்தக் கணத்து அழுத்தம் அப்படி இருக்காது.

2024 முதல் சில கம்பனிகள் ஐபி69 என்று பெரிதாக விளம்பரம் செய்கின்றன. 68 ஐ விட ஒன்று கூடுதல், ஆகவே கடலுக்கு இன்னும் நல்லது என்று நினைப்பது இயல்பு. 9 ஆம் நிலை முற்றிலும் வேறு சோதனை: சுமார் 80 பாகை சூடான தண்ணீரை மிக உயர்ந்த அழுத்தத்தில், கிட்டத்தில் வைத்து, பல கோணங்களிலிருந்து சில பத்து வினாடிகள் பீய்ச்சுவார்கள். உணவுத் தொழிற்சாலை இயந்திரங்களைக் கழுவுவதை மனதில் வைத்தால் இது விளங்கும். தேறிய போன் உறுதியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கேயும் உப்பு இல்லை.

போனுக்குள் தண்ணீரை மறிப்பது எது?

திரைக்கும் சட்டத்துக்கும் நடுவிலும், பின்கண்ணாடியைச் சுற்றியும், மெல்லிய பசை நாடா ஓடுகிறது. சிம் தட்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம். பட்டன்களுக்குப் பின்னாலும் வளையங்கள். இவ்வளவும் சொதிப் பெட்டியில் பார்த்ததுதான்.

ஸ்பீக்கரும் மைக்கும் வேறு பிரச்சினை. சத்தம் போய் வர வேண்டும், ஆகவே ஓட்டையை அடைக்க முடியாது. அங்கே சவ்வு ஒன்று ஒட்டப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ள மெல்லிய தாள் அது. காற்று அந்தத் துளைகளால் போய் வரும். தண்ணீர் மட்டும் நிற்கும். காரணம் பரப்பு இழுவிசை: தண்ணீரின் மேற்பரப்பு தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக் கொண்டு, தோல் போர்த்தியது போல நிற்கும் குணம். துளை மிகச் சிறியதாக இருந்தால் அந்த மேற்பரப்பை உடைத்து உள்ளே நுழையத் தண்ணீருக்குப் பலம் போதாது. அழுத்தம் கூடினால் பலம் வந்துவிடும், அப்போது சவ்வும் விட்டுக்கொடுக்கும்.

சார்ஜ் போடும் துளையோ திறந்தே இருக்கிறது. உலோகப் பற்கள் வெளித்தெரிய, கடல் தண்ணீர் அங்கே தாராளமாக வந்து நிரம்பும். அடைப்பு அதற்குப் பின்னால் இருப்பதால் போனின் வயிற்றுக்குள் போகாது, அவ்வளவுதான். இதை மனதில் வையுங்கள், அடுத்த பகுதிக்கு இதுதான் தேவை.

இடையில் ஒன்று: தண்ணீருக்குள் திரையைத் தொட்டால் வேலை செய்யாது. விரலில் இருக்கும் மின்தன்மையை உணர்ந்துதான் திரை இயங்குகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் எல்லா இடமும் விரலாகத் தெரியும். வீடியோவைத் தொடங்கச் சத்தம் கூட்டும் பட்டனை அழுத்துவார்கள். ஒவ்வொரு அழுத்தலும் அந்தப் பட்டனின் வளையத்தை அசைக்கிறது என்பதால், நீருக்குள் பட்டன் அழுத்துவதை நான் நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன்.

கடல் ஏன் வேறு தண்ணீர்?

ஒரு லீட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. இந்த உப்பு மூன்று வழியில் வேலை காட்டும்.

முதலில், அது மின்சாரத்தைக் கடத்தும். சார்ஜ் துளைக்குள் ஈரம் இருக்கும்போது சார்ஜரைச் செருகினால், அடுத்தடுத்து இருக்கும் பற்களுக்கு நடுவே உப்புநீர் வழியாக மின்சாரம் ஓடும். அப்போது ஒரு பல்லின் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீருக்குள் போய்விடும். இதை மின்னரிப்பு என்கிறார்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு படிவு தெரிந்தால் அதுதான். சாதாரணத் துரு பிடிக்க நாட்கள் எடுக்கும், மின்சாரம் ஓடும்போது இது விறுவிறு என்று நடக்கும். கடலில் தப்பிய போன் அறையில் சாவதற்கு முக்கியமான காரணம் இது. இப்போதைய போன்கள் பல, துளையில் ஈரம் இருப்பதாக எச்சரித்துச் சார்ஜை நிறுத்திவிடும். அந்த எச்சரிக்கையை "பரவாயில்லை" என்று தட்டிவிட்டுத் தொடர்பவர்களுக்கு யாரும் உதவ முடியாது.

இரண்டாவது, காய்ந்தபின் உப்புப் பளிங்குகள் தங்கும். ஸ்பீக்கர் சத்தம் அடைத்துப் போவதும் பட்டன் கரகரப்பதும் அதனால். மூன்றாவது, அந்தப் பளிங்குகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அரிப்பு நிற்காமல் நடக்கும்.

வெயிலும் இதில் ஒரு பங்காளி. வள்ளத்தின் பலகையில் போனை வெயிலில் வைத்துவிட்டுப் போனால் அது 45 பாகை வரை சூடாகலாம். உள்ளே இருக்கும் காற்றும் சூடு. அப்படியே எடுத்து 28 பாகைக் கடலுக்குள் இறக்கினால் உள்காற்று குளிர்ந்து சுருங்கும். கணக்குப் பார்த்தால் அழுத்தம் சுமார் 5 வீதம் குறையும். அரை மீட்டர் கூடுதல் ஆழத்துக்கு இறக்கியதற்குச் சமம் அது. வெளியில் இருக்கும்போது சவ்வு வழியாகக் காற்று வந்து அந்தக் குறையை நிரப்பும். தண்ணீருக்குள் காற்று ஏது? தண்ணீரைத்தான் உறிஞ்சப் பார்க்கும். சோதனையில் 5 பாகை வித்தியாசம் மட்டுமே இருந்தது, இங்கே 17. முதலில் நிழலில் வைத்து ஆறவிடுவது சின்னக் காரியம், யாரும் செய்வதில்லை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நடப்பது இதன் மறுபக்கம். சூடான தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றும்போது யாராவது செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள். சூடு பசை நாடாவை இளக்கும், ஆவி குளிரான இடங்களில் போய்த் தண்ணீராகும். 7, 8 ஆம் நிலைச் சோதனைகளில் இருந்தது சூடில்லாத சாதாரணத் தண்ணீர். குளியலறையில் வெந்நீர் ஷவருக்குக் கீழே பாட்டுக் கேட்பதற்கும் இதே பதில்தான்.

சவர்க்காரம், ஷாம்பு, மஞ்சள் நீர், சோடா, இளநீர்: இவை பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. சவர்க்காரம் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும், சவ்வின் காவல் அங்கேயே தளர்ந்துவிடும். இனிப்பான பானங்கள் காய்ந்து ஒட்டும். சாமத்திய வீட்டில் நீராட்டும்போது மிகக் கிட்ட நின்று படமெடுக்கும் சித்தியின் போனுக்கு ஆழம் பிரச்சினை இல்லை, பால் கலந்த தண்ணீர்தான் பிரச்சினை.

சுருக்கமாக: 7, 8 ஆம் நிலைச் சோதனைகளில் இல்லாதவை உப்பு, அலை, சூடு, சவர்க்காரம். திருகோணமலை விடுமுறையில் இருப்பவையும் இவைதான். கடலுக்குள் போனதை விட, ஈரம் காயாமல் சார்ஜ் போட்டதே கூடுதல் ஆபத்து.

போனின் வயதும் உத்தரவாதமும்

பசை நாடா காலத்தோடு காயும். போன் ஒருமுறை விழுந்து சட்டம் மயிரிழை வளைந்தாலும் ஒட்டு விடும், வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். திரையை மாற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். திரையைக் கழற்றும்போது பழைய நாடா கிழிந்துவிடும். புது நாடாவைச் சுத்தமாக ஒட்டி அழுத்திக் காயவைக்காமல், அவசரமாக நாலு மூலையில் பசை வைத்துத் தருவது சாதாரணமாக நடக்கிறது. அப்படித் திறந்து மூடிய போனுக்குப் பெட்டியில் இருந்த எண் இனிப் பொருந்தாது. லீவுக்கு வந்த பிள்ளைகள் பழைய போனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போகும்போது இதையும் சொல்லிவிட்டுப் போனால் நல்லது.

உத்தரவாதம் என்ன சொல்கிறது? பெரும்பாலான கம்பனிகள் தண்ணீரால் வந்த பழுதை உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. சிம் தட்டுக்கு உள்ளே போன்ற இடங்களில் ஈரம் பட்டால் நிறம் மாறும் சின்ன ஒட்டு ஒன்றை வைத்திருப்பார்கள். வெள்ளையாக இருப்பது சிவப்பானால் பேச்சு முடிந்தது. ஒரு பக்கம் தண்ணீருக்குள் போனை இறக்கும் அழகான விளம்பரம், மறுபக்கம் தண்ணீர் பட்டால் பொறுப்பில்லை என்ற நிபந்தனை. எனக்கு இது நேர்மையாகப் படவில்லை, சில நாடுகளுக்கும் படவில்லை. 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் இந்த முரண்பாட்டைக் காட்டி அப்பிளுக்கு 10 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. சோதனைக்கூட நிபந்தனைகளில் மட்டுமே பொருந்தும் என்பதை விளம்பரம் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. அவுஸ்திரேலியாவில் 2022 இல் சமஷ்டி நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 14 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் அபராதம் போட்டது. நீச்சல் குளத்திலும் கடலிலும் போன்களைப் பாவிப்பது போல விளம்பரங்கள் வந்திருந்தன. நனைந்த பின் ஈரம் காயாமல் சார்ஜ் செய்தால் துளை அரிக்கப்படலாம் என்பதைக் கம்பனியே ஒப்புக்கொண்டது. மேலே மின்னரிப்பு என்று பார்த்தோமே, வழக்கின் நடுப்புள்ளி அதுதான்.

கைக்கடிகாரம், ஸ்பீக்கர், பவர் பேங்க்

கைக்கடிகாரத்தில் 50 மீட்டர் என்று எழுதியிருந்தால் 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. அசையாத நீரில் அவ்வளவு ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கியது என்பதே செய்தி. கரையோர நீச்சலுக்குத் தாராளமாகப் போதும், சுழியோடுவதற்கு இல்லை.

புளூடூத் ஸ்பீக்கர்களில் ஐபிஎக்ஸ்7, ஐபி67 என்று நிறைய வருகின்றன. மார்பிள் பீச்சில் தண்ணீருக்குள் விழுந்தால் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். சார்ஜ் துளையை ஒரு ரப்பர் மூடி மூடுகிற வகையாக இருந்தால் அது சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதி திறந்த மூடியுடன் எண்ணுக்கு மதிப்பில்லை. காதில் மாட்டும் இயர்பட்டுக்கு ஒரு எண் இருக்கும், அதை வைக்கும் பெட்டிக்கு எண்ணே இல்லாமல் இருக்கலாம். ஈரமான இயர்பட்டை அந்தப் பெட்டிக்குள் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பவர் பேங்க்? பெரும்பாலானவற்றுக்கு எந்த எண்ணும் இல்லை. அதைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

கடலுக்குள் படமெடுக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த கமரா நல்லது. கோப்ரோவின் ஹீரோ5 பிளாக் தொடங்கி வந்த முதன்மை மாடல்கள் மேல்கூடு இல்லாமலே 10 மீட்டர் வரை போகும். லீவுக்கு வரும் நாலு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கினால் செலவு பெரிதில்லை.

அதுவும் வேண்டாம் என்றால் கழுத்தில் தொங்கும் போன் பை. கடற்கரையோரம் விற்கும் மலிவான பையும் பயன்படும், ஆனால் போனை வைக்கும் முன் ஒரு டிசுத் துண்டை உள்ளே வைத்துப் பூட்டி வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். டிசு உலர்ந்திருந்தால் சரி. பூட்டும் வாயில் ஒரு மணல் துணிக்கை மாட்டினாலே கசியும். ஆகவே வள்ளத்தில் ஏறும் முன், கையைத் துவாயில் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள், கடலுக்கு நடுவே திறக்காதீர்கள்.

கடலில் விழுந்துவிட்டால்

எண் உள்ள போனாக இருந்தால், நிறுத்திவிட்டு, சிம் தட்டைத் திறக்காமல், குழாயிலிருந்து மெதுவாக ஒழுகும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பீய்ச்ச வேண்டாம். உப்பு போக வேண்டும் என்பதுதான் நோக்கம், தண்ணீரைக் கண்டு பயந்து கழுவாமல் விட்டால் உப்பு அங்கேயே இருக்கும். பிறகு மென்மையான துணியால் துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்க உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெயிலில் வேண்டாம், ஹெயார் டிரையர் வேண்டாம். துளைக்குள் பஞ்சு, ஊசி எதுவும் விடக் கூடாது. முழுமையாகக் காய ஒரு நாள்கூட எடுக்கலாம். அதற்குள் அவசரமாகச் சார்ஜ் வேண்டுமென்றால், போனில் வசதி இருந்தால், பின்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு வயரில்லாமல் சார்ஜ் செய்யலாம்.

அரிசிக்குள் புதைப்பது பற்றி: வேண்டாம். திறந்த அரிசி சுற்றியுள்ள காற்றை விடப் பெரிதாக ஈரத்தை இழுப்பதில்லை, மாவும் துணுக்குகளும் துளைக்குள் போகும். அப்பிள் தன் உதவிக் குறிப்பிலேயே அரிசிப் பைக்குள் போனைப் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அம்மம்மா அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அன்பாக மறுத்துவிடுங்கள்.

எண்ணே இல்லாத போன், அல்லது திறந்து திருத்திய போன் கடலில் விழுந்தால் கதை வேறு. தண்ணீர் பெரும்பாலும் உள்ளே போயிருக்கும். உடனே நிறுத்துங்கள், "வேலை செய்யுதா" என்று பார்ப்பதற்காகத் திரும்பப் போடாதீர்கள், சார்ஜ் கிட்டவே போகக் கூடாது. காயட்டும் என்று இரண்டு நாள் வைத்திருப்பதும் பிழை, அந்த இரண்டு நாளும் உப்பு உள்ளே இருக்கும் பலகையைத் தின்றுகொண்டிருக்கும். அன்றைக்கே திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். "தண்ணி பட்டிட்டுது" என்று பொதுவாகச் சொல்லாமல் கடல் தண்ணீர் என்றே சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அவர் பலகையைக் கழற்றி உப்பு போகக் கழுவ எடுப்பார், வெறுமனே சூடுகாட்டிக் காயவைத்துத் தர மாட்டார்.